விடுபட்ட ஒரு வாரம்

என் தம்பி மகள் தன் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தது ஒரு புதன்கிழமை மாலை. அறுபத்திரண்டு பக்கம். நான் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். உதிரி பாகங்களை அளந்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டும் சரியில்லாவிட்டால் சிவப்புச் சீட்டும் கட்டுவது என் வேலை. அந்தப் பழக்கத்தால் எங்கள் குடும்பத்தில் யார் எதை எழுதினாலும், கல்யாணப் பத்திரிகை உட்பட, என் மேசைக்கு வந்த பிறகுதான் அச்சுக்குப் போகும்.

"பத்து நாளைக்குள்ள குடுத்துருங்க அத்தை. மாசக் கடைசில சப்மிட் பண்ணோணும்" என்றாள். "பிழை மட்டும் பாருங்க. கருத்துல கை வெச்சுறாதீங்க."

"கருத்து உன்றது கண்ணு. கமா மட்டும் எனக்கு" என்றேன்.

சமூகம் மாறும்போது அதன் எழுத்து எப்படி மாறுகிறது என்பது அவளுடைய ஆய்வு. அதற்கு அவள் எடுத்துக்கொண்டது பெரிய இலக்கியங்களை அல்ல. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளையும், அவற்றில் வேலைக்குப் போகும் பெண்கள் எப்படி வந்தார்கள் என்பதையும்தான். இதற்காக எங்கள் அம்மா சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகளைப் பரணிலிருந்து இறக்கி, நான்கு ஆண்டுகளாகப் படித்துக் குறிப்பெடுத்திருந்தாள். அம்மா இறந்த பிறகு அந்த பைண்டுகளை வேறு யாரும் தொட்டதில்லை.

நாற்பதாம் பக்கம் வரை மொத்தம் பதினோரு பிழைகள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அங்கே ஒரு தொடர்கதையிலிருந்து மேற்கோள் கொடுத்திருந்தாள்.

"இரண்டு கடிதங்களையும் மேசைமேல் வைத்துவிட்டு அவள் பெட்டியை எடுத்தாள். கல்யாணக் கடிதத்துக்குப் பதில் எழுத நேரம் இருந்தது. வேலைக் கடிதத்தில் திங்கட்கிழமை என்று போட்டிருந்தது."

இந்த ஒரு அத்தியாயத்தில் ஆசிரியர் தன் காலத்துக்கு வெகுதூரம் முன்னால் நிற்கிறார் என்றும், அடுத்த அத்தியாயத்திலேயே பின்வாங்கிவிடுகிறார் என்றும், அதற்குப் பத்திரிகையின் நெருக்கடி காரணமாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தாள். தொடர்ந்து வந்த பதினான்கு பக்கங்களும் இந்த மேற்கோளின் மேல்தான் நின்றன. இந்தப் பகுதிதான் ஆய்வேட்டின் முதுகெலும்பு என்று அவளுடைய நெறியாளர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அந்த வரிகளை எழுதியது அந்த ஆசிரியர் இல்லை. அது எனக்குத் தெரியும். என்னைத் தவிர இன்னும் ஒரே ஒருவருக்குத் தெரியும்.

*

நான் எட்டாவது படித்தபோது நாங்கள் மதுக்கரையில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். ஒரே வரிசையில் ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வார இதழ். வெள்ளிக்கிழமை முதல் வீடு, சனிக்கிழமை இரண்டாம் வீடு என்று நாளுக்கு ஒரு வீடாக அது நகரும். கடைசி வீடு எங்களுடையது, புதன்கிழமை. தன் முறை வருவதற்கு முன்னால் கதையை யாரும் கேட்கக் கூடாது, படித்துவிட்டவர்கள் சொல்லவும் கூடாது என்பது அந்த வரிசையின் சட்டம். ஆகவே வெள்ளி முதல் புதன் வரை கதையைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். வியாழக்கிழமை காலையில் குழாயடியில் ஆறு வீட்டுக்காரர்களும் குடத்தை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் தண்ணீர் நின்ற பிறகும் பேச்சு நிற்காது. பேச்சு முடிந்த பிறகு அம்மா பின்னை எடுத்துத் தொடர்கதைத் தாள்களை மட்டும் பிரித்து அலமாரியில் அடுக்குவார். தொடர் முடிந்ததும் அந்தக் கட்டு டவுன்ஹால் பக்கம் ஒரு பைண்டிங் கடைக்குப் போகும்.

உக்கடம் வழியாகப் பள்ளிக்கூடம் போய்வந்தது அந்த வரிசையில் நான் மட்டும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை அங்கே பஸ் நிலையத்துக் கடையில் இதழை வாங்கி வருவது என் பொறுப்பு. எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை கொடுத்தேன் என்று ஒரு நோட்டில் எழுதுவேன். என் நாட்குறிப்பு அப்படித்தான் தொடங்கியது.

அப்போது வந்துகொண்டிருந்த தொடரில், அப்பா இறந்துபோன ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. வெளியூரில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேரச் சொல்லி ஒரு கடிதம். வேலைக்குப் போகாமல் இருந்தால் கல்யாணம் செய்துகொள்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னொன்று. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்பதோடு அந்த வாரம் முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் கடைசிப் பிரதிதான் எனக்குக் கிடைத்தது.

புதன்கிழமை வரை பொறுக்க என்னால் முடியவில்லை. பஸ்ஸுக்காக நின்றபடி பின்னைக் கழற்றி, தொடர்கதைத் தாள் நான்கையும் வெளியே எடுத்தேன். தலைப்புப் படத்தில் அவள் பெட்டியோடு நின்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. தாள்கள் கசங்காமல் இருக்க அட்லசுக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன். நிற்க மட்டும்தான் இடம். உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கை நீட்டி என் பையையும் அட்லசையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் நடுவில் எங்கேயோ இறங்கியபோது பையை மட்டும் பக்கத்து மடிக்கு மாற்றியிருக்கிறார். மதுக்கரையில் இறங்கிய பிறகுதான் அட்லஸ் இல்லாததைப் பார்த்தேன்.

நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டுபிடித்தது மூன்றாம் வீட்டு அக்கா. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருடம், வயிற்றில் ஆறு மாதம். அவருடைய கணவர் ஆலையின் டைம் ஆபீசில் இருந்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்று பார்க்கும் இடம் அது.

"ஏன் கண்ணு, இங்கயே உக்காந்துட்டே?"

நான் இதழைப் பிரித்துக் காட்டினேன். நடுவில் தாள்கள் இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

"படிச்சியா?"

"இல்லீங்க்கா. பின்னுதான் எடுத்தேன்."

"ஒரு வரி கூடவா படிக்கல?"

"படந்தான் பாத்தேனுங்க. பெட்டியோட நிக்கறா."

"பெட்டியோட நிக்கறாளா?" என்று திரும்பக் கேட்டார். "செரி, ஊட்டுக்குப் போ. பிரஸ்ஸுல நாலு தாள் உட்டுப்போச்சுனு சொல்லு. நாளைக்கு ஆர்.எஸ்.புரம் டாக்டரு கிட்டப் போறேனல்ல, அங்க பெஞ்சு மேல இந்தப் புஸ்தகம் கெடக்கும். பாத்து எழுதிட்டு வந்தர்றேன்."

மறுநாள் மாலை கோடு போட்ட நான்கு தாள்களோடு வந்தார். இரண்டு பக்கமும் நெருக்கமாக எழுதியிருந்தது. வாசலிலேயே நான் வாங்கிக்கொண்டேன்.

"டாக்டரு கிட்ட இருந்துதுங்களா?"

"இல்ல கண்ணு. அங்கயும் அந்த வாரத்தது இல்ல."

"அப்பறம் இது?"

"கம்முனு இரு" என்றார். "டோக்கன் முப்பத்தாறு. நேரம் இருந்துச்சு."

சாகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தலைப்பு இல்லாத தாளைப் பார்த்தால் அப்போதே எனக்குக் கை நிற்காது. முதல் தாளின் உச்சியில் சிவப்பு மையில், "அச்சில் விடுபட்டது. வேறு பிரதியைப் பார்த்து எழுதியது" என்று முத்து முத்தாக எழுதிவைத்தேன். என் நோட்டிலும் அப்படியே எழுதினேன். நாற்பது ஆண்டு நாட்குறிப்பில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அக்காவின் அத்தியாயத்தில் அவள் வேலைக்குப் போய்விட்டாள். பஸ் ஏறினாள், பெண்கள் விடுதியில் இடம் பிடித்தாள், முதல் நாள் முதல் அழைப்பை எடுத்து ஊரையும் ஊரையும் இணைத்தாள். கல்யாணக் கடிதத்துக்கு, "எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பேச வேண்டுமென்றால் வரலாம்" என்று பதில் போட்டாள். அந்த வியாழக்கிழமை குழாயடியில் இதற்கு நல்ல வரவேற்பு. எழுதுகிறவர் இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறார் என்று எங்கள் அம்மாவே சொன்னார். அக்கா குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே தேய்த்த குடம்.

அடுத்த வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. அந்தப் பெண் மணவறையில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் வீட்டு அம்மா சட்டத்தை மறந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"போன வாரம் ஆபீசுல உக்காந்து டெலிபோன் எடுத்தவ, இந்த வாரம் மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கறா. இதென்னங்க கூத்து?"

"எழுதறவரு மறந்துபோட்டாரு போல" என்றார் ஐந்தாம் வீட்டு அம்மா. "ஊட்டுல என்ன கஷ்டமோ, பாவம்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அக்காவின் கணவர் நின்றார். "மறக்கறதுக்கு என்னங்க இருக்குது? அந்தப் புள்ள லீவு போட்டுட்டு வந்திருக்குது."

"சேந்து ஒரு வாரத்துல லீவு குடுப்பாங்களாக்கும்?"

"கல்யாணத்துக்குக் குடுப்பாங்க. சம்பளம் புடிச்சுட்டு, லாஸ் ஆஃப் பேல குடுப்பாங்க."

டைம் ஆபீஸ்காரர் சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சு இல்லை. வரிசை முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு தொடர் முடியும் வரை எங்கள் ஆறு வீடுகளும் படித்தது வேறு ஒரு கதை. இதழில் அந்தப் பெண் மாமியாருக்குக் கஷாயம் வைத்தாள், கொழுந்தனின் படிப்புக்கு நகையைக் கழற்றிக் கொடுத்தாள், பிள்ளை பெற்றாள். குழாயடியில் ஒரே கேள்விதான். "லீவு முடிஞ்சிருக்குமே, எப்பத்தான் டூட்டிக்குப் போவா?" ஐந்தாம் வீட்டு அம்மா பொறுக்கமாட்டாமல் பத்திரிகைக்கு ஒரு அஞ்சலட்டையே எழுதிப் போட்டார். கதாநாயகிக்கு லீவு எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேட்டு. பதில் வரவில்லை. அந்த அட்டையைப் படித்த ஆசிரியரின் முகத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

தொடர் முடிந்தபோது தீர்ப்பு வந்தது. "வேல போயிருக்கும். இத்தன நாள் ஆரு வெச்சிருப்பாங்க?" அந்தப் பெண் சந்தோஷமாக இருப்பதாக ஆசிரியர் எழுதியிருந்தார். எங்கள் வரிசையில் யாரும் அதை நம்பவில்லை.

இதை வேடிக்கைக்காக மட்டும் எழுதவில்லை. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, நான் டிப்ளமோ முடித்து இந்தக் கம்பெனியில் சேரச் சொல்லிக் கடிதம் வந்த அதே வாரத்தில் ஒரு வரனும் வந்தது. பெண் வேலைக்குப் போவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: "மொதல்ல சேரட்டுமுங்க. கல்யாணத்துக்கு லீவு போட்டுக்குவா. அந்தத் தொடர்கதைல அந்தப் புள்ள போடல?"

"அந்தப் புள்ள திரும்பிப் போகலையே" என்றார் அப்பா.

"இவ போவா."

அந்த மாப்பிள்ளை வீட்டார் லீவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தவர் ஒத்துக்கொண்டார். பதினாறு நாள் லீவு போட்டேன். பதினேழாம் நாள் காலை எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். அம்மா மேற்கோள் காட்டியது டோக்கனுக்காகக் காத்திருந்த பெஞ்சில் எழுதப்பட்ட ஒரு அத்தியாயத்தை என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

*

இப்போது அதே அத்தியாயம் என் தம்பி மகளின் ஆய்வேட்டில் சான்றாக நின்றது. மூன்று நூலகங்களில் தேடியும் அந்த ஒரு வாரத்து இதழ் கிடைக்கவில்லை, ஆகவே கையால் படியெடுக்கப்பட்ட பிரதியே பயன்படுத்தப்படுகிறது என்று அடிக்குறிப்பு போட்டிருந்தாள். படியெடுத்தது என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே ஆதாரம், சிவப்பு மையில் இருந்த என் எழுத்து.

வியாழனும் வெள்ளியும் வேலையில் கவனம் போகவில்லை. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாமலே போகலாம். ஆனால் எங்கள் வரிசையைப் போல எத்தனையோ வரிசைகள் இருந்திருக்கும். அதில் ஒரு வீட்டுப் பரணிலாவது உண்மையான அந்த நான்கு தாள்கள் இருக்கும். வாய்மொழித் தேர்வில் யாராவது அதை எடுத்து நீட்டினால் அவளுடைய நான்கு ஆண்டுகளும் கேலிக்கு ஆளாகும். யாருமே நீட்டாவிட்டாலும், தவறான பாகத்துக்குப் பச்சைச் சீட்டு கட்டியது நான். அதை நான்தான் அவிழ்க்க வேண்டும். ஆனால் சத்தியம் அக்காவுடையது. அவரைக் கேட்காமல் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்.எஸ்.புரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் மூன்றாவது தளம். அறுபத்தொரு வயதில் முழங்கால் வலியைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஹாலில் அவருடைய கணவர் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அடுக்களையில் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டே அக்கா நான் சொன்னதை எல்லாம் கேட்டார். ஒரு காய்க்கு இரண்டு முறை நார் எடுத்தார்.

"காலேஜு வரைக்கும் போயிருச்சா அது?" என்றார்.

"முதுகெலும்புன்னு எழுதியிருக்கறாங்களுங்க்கா."

"சொல்றதுல எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. இவருக்குத் தெரியப்படாது."

"ஏனுங்க்கா? சிரிப்பாருன்னா?"

அக்கா ஹால் கதவுப் பக்கம் பார்த்தார். "எனக்கும் ஒரு ஆர்டர் வந்துச்சு. தாலூகா ஆபீசுல டைப்பிஸ்ட். கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி. எங்கப்பா, புள்ளைக்கு இஷ்டமில்லைனு பதில் போட்டுட்டு ஆர்டரைக் கல்யாணப் பத்திரிகைக் கவரோட வெச்சு மறைச்சுட்டாரு. மறுவீடு போனப்பத்தான் என்ற கைல கெடச்சுது. இவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா போன்னுதான் சொல்லியிருப்பாரு. அதுனாலதான் சொல்லல. நல்ல மனுஷன், வெசனப்படுவாரு."

அந்த பெஞ்சில் அவர் என்ன எழுதினார் என்று நாற்பது வருடத்துக்குப் பிறகு எனக்குப் புரிந்தது. ஒரு பிடி அவரைக்காயை எடுத்து நானும் நார் எடுத்தேன்.

"அந்தப் புள்ள எத்தன வருஷமா எழுதறா?"

"நாலு வருஷமுங்க."

"நான் நாலு மணி நேரத்துல எழுதினது" என்றார். லேசாகச் சிரித்தார். பிறகு, "ரெண்டு நாள் குடு" என்றார்.

ஒரு நாள்தான் ஆனது. திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது போன் வந்தது. "நேத்தே சொல்லிப்போட்டேன். ஆர்டர் வந்ததும் சேத்துத்தான். காத்தால எனக்கு முன்னாடி எந்திரிச்சு காப்பி போட்டுக் குடுத்தாரு. அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வா."

அன்று மாலை தம்பி மகளிடம் முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். என் பழைய நோட்டையும் திறந்து காட்டினேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"பதினாலு பக்கம் அத்தை" என்றாள். "எல்லாம் போச்சு."

"தெரியும் கண்ணு."

"நீங்க பிழை மட்டும் பாக்கோணும்னுதானே சொன்னேன்?"

"இதும் பிழைதானே. நாஞ் செஞ்ச பிழை."

அவள் தாள்களை வாரிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை போன் இல்லை. என் நாட்குறிப்பில் அன்றைக்கு, "வேலைக்குப் போனேன், வந்தேன்" என்று மட்டும் இருக்கிறது. புதன்கிழமை மாலை அவளே வந்தாள். நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். திட்டுவார் என்று எதிர்பார்த்திருக்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "எழுதினவங்க இப்ப இருக்காங்களா?"

மூன்று மாதம் கூடுதல் அவகாசத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை பைண்டையும் தூக்கிக்கொண்டு என்னோடு ஆர்.எஸ்.புரம் வந்தாள்.

கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர். உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டார். "அப்ப அந்தப் புள்ள லீவே போடலைங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"நாப்பது வருஷமா என்ற மனசுல அது லாங் ஆப்சென்ட்டுலயே கெடக்குது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே அந்த லிஸ்டுல இருந்து பேர அடிச்சிருப்பேன்." கடைசி வாக்கியத்தை அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். அக்கா, "உக்காருங்க, வந்தவியளுக்கு எடம் உடுங்க" என்றார்.

தம்பி மகள் போனில் பதிவை ஓடவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தப் பேனா, எந்தத் தாள், எழுதும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள். வீட்டில் கோபமாக இருந்த பெண்ணா இது என்று எனக்கு ஆச்சரியம். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் செரிங்கம்மா. அந்த பஸ்ஸுல ஏன் அவகூடத் தம்பிய அனுப்புனீங்க?"

"தம்பியா?"

அக்காவுக்கு அது நினைவே இல்லை. பைண்டை வாங்கி மடியில் வைத்து, கண்ணாடி போட்டு, தன் எழுத்தையே விரல் வைத்துப் படித்தார். இருந்தது. பதினான்கு வயதுத் தம்பி ஒருவன் அந்தக் கதைப் பெண்ணுக்குத் துணையாகப் பஸ் ஏறி, விடுதி வாசல் வரை போய்விட்டுத் திரும்புகிறான். அவனுக்கு வசனம்கூட இல்லை.

"இவன் எதுக்கு இங்க?" என்று அக்கா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். என் கையிலிருந்த பென்சிலை வாங்கினார். தம்பி மகள் பாய்ந்து பைண்டின்மேல் கை வைத்தாள்.

"தொடாதீங்கம்மா. அது ஆவணம்."

"தனியா அனுப்ப எனக்குத் தைரியம் வரல போல" என்றார் அக்கா, நிதானமாக. "கதைல கூட வரல பாரு."

"அதைத்தாங்கம்மா நான் எழுதோணும்" என்றாள் அவள். பிறகு கொஞ்சம் குறும்பாக, "இப்ப அனுப்புவீங்களா?"

அக்கா தன் கணவரைப் பார்த்து, "ஏனுங்க, கோடு போட்ட தாள் இருக்குதுங்களா?" என்றார்.

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். "எத்தன?"

"நாலு போதும்."

*

மூன்று மாத அவகாசம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது புதிய மூன்றாம் இயல் என் மேசைக்கு வந்தது. எழுபத்தெட்டுப் பக்கம். அதே மேற்கோள் இருந்தது. அதன் கீழே, "எழுதியவர்: தொடரின் வாசகி, மூன்றாம் வீடு. எழுதிய இடம்: மருத்துவமனைக் காத்திருப்புப் பெஞ்சு" என்று இருந்தது. பெயர் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். எழுத்தாளர்கள் மாறி வாசகர்களை இழுத்துப் போனார்கள் என்பது பழைய இயலின் வாதம். வாசகர்கள் எப்போதோ கிளம்பிவிட்டார்கள், இதழுக்குத்தான் அது தெரியவில்லை என்பது புதிய இயலின் வாதம். லீவு தீர்ப்புக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தாள். அம்மா அடுப்படியில் சொன்னதும் இருந்தது. என் பதினாறு நாளும் இருந்தது.

கடைசிப் பகுதியில் இன்றைய காலத்துக்கு வந்திருந்தாள். இப்போது பெண்கள் போனிலேயே தொடர்கதை எழுதுகிறார்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்குக் கீழேயும் வாசகிகள் கேள்வி கேட்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், எழுதுகிறவள் அடுத்த அத்தியாயத்தில் பதில் சொல்கிறாள். திருப்பூரில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் மதிய இடைவேளையில் எழுதும் தொடரைப் பற்றி எட்டுப் பக்கம். ஐந்தாம் வீட்டு அம்மாவின் அஞ்சலட்டையை நினைத்துக்கொண்டேன்.

பிழை பார்த்துக் கொடுத்தேன். சமர்ப்பித்துவிட்டாள். நெறியாளர் இந்த முறை ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை, கையெழுத்து மட்டும் போட்டார். பைண்டைத் திருப்பி வாங்கியதும், சிவப்பு மையில் இருந்த என் வரிக்குக் கீழே, அதை அடிக்காமல், உண்மையை எழுதிக் கிழமையோடு கையெழுத்துப் போட்டேன்.

அக்காவுக்கு நான்கு தாள் போதவில்லை. போன வெள்ளிக்கிழமை பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் வந்தது பத்தொன்பது தாள். இதிலும் அந்தப் பெண் இரண்டு கடிதங்களையும் வைத்துவிட்டுப் பெட்டியை எடுக்கிறாள். பஸ்ஸில் தனியாக ஏறி ஜன்னலோரம் உட்காருகிறாள். உக்கடத்தில் கூட்டம் ஏறுகிறது. நிற்க இடமில்லாமல் தவிக்கும் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் பையையும் அட்லசையும் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். அந்தப் பெண் மதுக்கரையில் இறங்கும்போது பையைக் கொடுக்கிறாள், பஸ் நகர்வதற்குள் ஜன்னல் வழியே அட்லசையும் நீட்டுகிறாள்.

அந்த வாக்கியத்தில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. போட்டேன்.